அக்காவின் கையெழுத்து

ஆரணியில் எங்கள் வீட்டை விற்று முடிக்க மூன்று மாதம் போதும் என்று பத்திரம் எழுதுபவர் சொன்னார். ஒன்பது மாதம் ஆனது. அந்த ஒன்பதில் கிட்டத்தட்ட ஒரு மாதம் என்னால் ஆனது. அதை இதுவரை நான்கு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

அம்மா முன்பே போய்விட்டாள். அப்பாவும் இறந்த பிறகு இரண்டு வருடம் வீடு பூட்டிக் கிடந்தது. நான் வேலூரில் இரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்து ஜன்னல்களைத் திறந்து வைத்து, பெருக்கித் துடைத்துவிட்டுப் போவேன். போன மழையில் சமையலறை மேல்தளம் ஒழுகிப் பரண் ஊறிவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடு நிற்காது, விற்றுவிடலாம் என்று என் கணவர் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

வாங்க வந்தவர்கள் பட்டு நெய்யும் தம்பதி. இரண்டு பேருமே தறியில் உட்காருகிறவர்கள். ஏரிக்குக் கீழே தாழ்ந்த தெரு ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். எங்கள் கூடம் நீளமானது. அந்த அம்மாள் உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் அடி வைத்து அளந்தார். பிறகு கணவரைப் பார்த்துத் தலையாட்டினார். "ரெண்டு தறி போடலாம்" என்றார். அப்போது பங்குனி மாதம். ஐப்பசி மழைக்கு முன்னால் குடி வந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்கள் சொன்ன நிபந்தனை. அந்த வாடகை வீட்டில் மழை வந்தால் தறிக்கு அடியில் தோண்டிய குழியில் தண்ணீர் ஊறுமாம்.

"ஐப்பசியா? அதுக்கு எவ்ளோ நாள் கீது" என்று சிரித்தார் பத்திரம் எழுதுபவர்.

அவருடைய அறை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரில் இருந்தது. வீடு அப்பா பெயரில் இருப்பதால் முதலில் வாரிசு சான்றிதழ் வாங்க வேண்டும், பிறகு பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் கிரயம் என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"அப்பாவுக்குப் பசங்க எத்தினி பேருங்க?"

"ரெண்டு. அக்கா ஒருத்தங்க இருக்காங்க."

"எங்க கீறாங்க?"

"சேத்துப்பட்டுல."

"பக்கம்தான். கூட்டிக்கினு வந்துடுங்க."

"பேச்சு வார்த்தை இல்லீங்க. இருபத்தாறு வருஷம் ஆச்சு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது பேஜாராச்சேங்க. வரமாட்டேன்னு சொல்லிட்டாங்கன்னா அப்படியே நின்னுப் பூடும். இத்தினி வருஷமா இந்தப் பக்கமே வராதவங்க. ஒரே பொண்ணுன்னு மனு போட்டா யாரும் வந்து கேக்கப் போறதில்ல. உங்க இஷ்டம்."

கெட்டவர் இல்லை அவர். என் வேலை சுலபமாகட்டும் என்று சொன்னார். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அக்கா போன பிறகு, அப்பா இருந்த காலமெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே பெண் என்றுதான் பேச்சு. அதை இப்போது நானே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறேனா?

"ரெண்டு பேருன்னே எழுதுங்க" என்றேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எங்கள் பின் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த பள்ளிக்கூட ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் கிறித்தவர். சேத்துப்பட்டுக்காரர். ஒரு நாள் காலையில் தலை வாரிக்கொண்டு, மத்தியானம் வந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் ஒரு ஆள் வந்து விஷயத்தைச் சொன்னார். அப்பா அன்று ஒன்றும் கத்தவில்லை. இனி இந்த வீட்டில் அந்தப் பேர் கேட்கக்கூடாது என்று மட்டும் சொன்னார். கேட்கவே இல்லை. பெயரைச் சொல்லாமல் ஒரு ஆளைப் பற்றி அம்மாவும் நானும் எத்தனையோ நாள் பேசியிருக்கிறோம். "அது இருந்தா இந்தப் பாவக்காய வுட்டு வெக்குமா" என்பாள் அம்மா. அதற்கு மேல் போக மாட்டாள்.

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த பஸ்ஸில் நான் ஏறியது அந்தப் பங்குனியில்தான், முதல் தடவையாக.

மாதா கோவிலுக்குப் பின்னால் மூன்றாவது சந்து என்று விசாரித்துக்கொண்டு போனேன். அக்கா அங்கன்வாடியில் வேலை செய்கிறாள் என்பது தெரியும். அன்று விடுமுறை. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். கை மட்டும் கீரையை உருவிக்கொண்டே இருந்தது.

"வா" என்றாள், முந்தாநாள் வந்துபோனவளிடம் சொல்வது போல.

தண்ணீர் கொடுத்தாள். மாமா உள்ளேயிருந்து வந்து, நல்லா இருக்கியாம்மா என்று கேட்டுவிட்டு, எங்களைத் தனியாக விட்டு வெளியே போனார். நான் எதையெதையோ பேசினேன். பஸ்ஸில் கூட்டம், வெயில் இப்பவே இப்படி, என் முழங்கால் வலி. கடைசியில் வீட்டை விற்கப் போவதைச் சொன்னேன். அவள் ஆதார் நகல் வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றேன்.

"கையெழுத்துக்காக வந்தியா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டது போலக் கேட்டாள். உள்ளே போய் ஆதார் அட்டையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். பார்த்தால் அதில் வேறு பெயர் இருந்தது. கல்யாணத்தின்போது மாதா கோவிலில் வைத்த பெயர். எனக்கு அது தெரியவே தெரியாது. என் அக்காவின் பெயர் எனக்குத் தெரியாமல் இருபத்தாறு வருடம் போயிருக்கிறது.

அந்தப் பெயர்தான் எங்களை மறுபடி சேர்த்து வைத்தது என்று சொல்ல வேண்டும். அப்பாவின் மகளாக இருக்கிறவள் ஒரு பெயர், ஆதாரில் இருக்கிறவள் இன்னொரு பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்காமல் வாரிசு சான்றிதழ் வராது. நோட்டரி முன்னால் உறுதிமொழி கொடுக்க ஒரு முறை வந்தாள். படித்த பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் கேட்க ஒரு முறை. தலைமை ஆசிரியர் லீவில் இருந்ததால் அதற்கே இன்னொரு முறை. கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்கிறார் என்று ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் நான் வேலூரிலிருந்து முன்னதாகவே வந்து, ஆரணி பஸ் ஸ்டாண்டில் சேத்துப்பட்டு வண்டிகள் நிற்கும் இடத்தில் காத்திருப்பேன். அவள் எப்போதும் முன் படியில் இறங்குவாள். ஒரு கையில் மஞ்சள் பை, ஒரு கையில் குடை.

பள்ளிக்கூடத்துக்கு முதல் முறை போய்விட்டு வந்த அன்று, வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேன். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வந்தாள். நான் கதவைத் திறந்ததும் உள்ளே போய், இருட்டில் வலது பக்கச் சுவரில் கையை வைத்துத் தடவினாள். சுவிட்சைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அப்பா பல வருடங்களுக்கு முன்பே ஒயரை மாற்றி, சுவிட்சை இடது பக்கம் வைத்துவிட்டார். நான் போய் விளக்கைப் போட்டேன். அவள் கை அந்தச் சுவரிலேயே இருந்தது.

"மாத்திட்டாங்களா" என்றாள்.

சாமான்களை ஒழிக்க வேண்டியிருந்தது. அதை நாம் சேர்ந்து செய்யலாமா என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு வார விடுமுறை. அவள் மத்தியானம் அங்கன்வாடி முடிந்து வருவதாகச் சொன்னாள். அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைகள் தொடங்கின. பாத்திரங்களைத் தேய்த்து அடுக்கினோம். பரணிலிருந்து இறக்கிய பாயை வெயிலில் போட்டோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இட்லியும் வடகறியும் வாங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா அதிகம் பேச மாட்டாள். அவள் மகள் சென்னையில் வேலை செய்வதையும், மாமாவுக்குச் சர்க்கரை என்பதையும் நான் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை என்று ஒரு தடவை கேட்டேன்.

"அப்பா போஸ்ட் ஆபீஸ்ல லெட்டரு பிரிக்கறவரு. போட்டா மொதல்ல அவரு கைக்குத்தான் போவும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க நான் எவ்வளவு தவித்துக் கிடந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வைகாசியில் வருமென்ற வாரிசு சான்றிதழ் ஆடியில் வந்தது. பட்டா மாற்ற மனு கொடுத்தோம். மனுவில் என் போன் நம்பர்தான் இருந்தது. "மெசேஜ் வரும். வந்தா சொல்லுங்க, ஜல்தியா பதிவுக்கு டோக்கன் போட்டு முடிச்சிடலாம்" என்றார் பத்திரம் எழுதுபவர்.

புரட்டாசி தொடக்கத்தில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அந்த மெசேஜ் வந்தது. பட்டா எங்கள் இருவர் பெயருக்கும் மாறிவிட்டது. நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். நாளை மறுநாள் செவ்வாய்க்கிழமை. பரண் இன்னும் பாதி பாக்கி. டோக்கன் போட்டால் பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும். பிறகு அக்கா எதற்காக ஆரணிக்கு வருவாள்?

இந்தச் செவ்வாய் மட்டும் போகட்டும் என்று நினைத்தேன். அந்தச் செவ்வாய் போனது. அடுத்ததும் போனது. பத்திரம் எழுதுபவர் போன் செய்து, "வந்துச்சுங்களா மேடம்?" என்று கேட்டார். "இன்னும் இல்லீங்க" என்றேன். பொய் சொல்லும்போது குரல் மாறும் என்பார்கள். எனக்கு மாறவில்லை. மூன்றாவது செவ்வாயன்று அக்கா அம்மாவின் பழைய புடவை ஒன்றை மடித்துக்கொண்டே அம்மாவைப் பற்றிப் பேச வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, நிறுத்திக்கொண்டாள். இன்னும் ஒரு வாரம் இருந்தால் பேசிவிடுவாள் என்று தோன்றியது. நான் இன்னும் ஒரு வாரம் சும்மா இருந்தேன்.

அந்த வாரம் மழை பிடித்தது. ஐப்பசிக்குக் காத்திருக்கவில்லை.

மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு அந்தத் தறிக்கார அம்மாள் போன் செய்தார். "மேடம், குழியில தண்ணி வந்துடுச்சுங்க. பட்டா இன்னா ஆச்சுன்னு ஒரு தபா கேட்டுச் சொல்றீங்களா?" அவசரப்படுத்தும் குரலே இல்லை. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். வீட்டுக்குள் தறி பாதிச் சேலையோடு நின்றிருந்தது. கால் வைத்து மிதிக்கும் குழியில் கலங்கிய தண்ணீர் முழங்கால் உயரம். அவர் கணவர் அதை வாளியில் மொண்டு மொண்டு வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்ற ஊற்ற ஊறியது. இழுத்துக் கட்டிய பட்டு நூலின் ஒரு பக்கம் ஈரத்தில் நிறம் மங்கியிருந்தது. யாரோ ஒரு மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்த கல்யாணச் சேலை அது. இனிச் சொன்ன நாளுக்குக் கொடுக்க முடியாது என்றார் அந்த அம்மாள். பிறகு எனக்கு நாற்காலி போட்டு, அடுப்பைப் பற்றவைத்தார்.

"நீங்க இன்னா செய்வீங்க மேடம். கவர்மெண்டு வேலைன்னா அப்படித்தான். எங்க நேரம்."

அந்த டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெளியே வந்ததும் வேலூர் பஸ்ஸுக்குப் போகாமல் சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா குடையோடு வாசலுக்கு வந்து என்னை உள்ளே கூட்டிப்போனாள். தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தாள். நான் துவட்டாமல் போனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டினேன்.

படித்தாள். தேதியைப் பார்த்தாள். "இருபத்திரண்டு நாளாச்சு" என்றாள்.

"முடிஞ்சிட்டா நீ வரமாட்டேன்னு நெனச்சேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அவள் பேச ஆரம்பித்தபோது குரலை உயர்த்தவே இல்லை. அதனால் நான் பக்கத்தில் போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அவங்க தறியில தண்ணி நிக்குது. என்னப் பாக்கணும்னு அவங்கள நிக்க வெச்சிருக்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "என்னப் பாக்கறதுக்கு இவ்ளோ செய்யறவ, அம்மா செத்தப்போ ஒரு போனு போடலயே. என் நம்பரு உங்கிட்ட இருந்துச்சில்ல?"

இருந்தது. அம்மா இறப்பதற்கு ஒரு வருடம் முன்னால் யாரிடமோ வாங்கி எனக்குக் கொடுத்ததே அம்மாதான். அம்மா போனது காலை பதினொரு மணிக்கு. எடுத்தது நாலு மணிக்கு. அந்த ஐந்து மணி நேரமும் போன் என் மடியில் இருந்தது. அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். சேத்துப்பட்டு பஸ் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு விஷயம் தெரிந்தது மூன்றாம் நாள், பால் தெளித்த பிறகு, சந்தைக்கு வந்த யாரோ சொல்லி.

"பயமா இருந்துச்சு" என்றேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

"தெரியும்" என்றாள் அக்கா. துண்டை என் கையிலிருந்து வாங்கி அவளே என் தலையைத் துவட்டினாள். கொஞ்சம் அழுத்தித்தான் துவட்டினாள். "அந்தப் பொம்பளைக்குப் போனு போடு. சாவியக் குடுத்துடலாம். பத்திரம் அப்பால ஆவட்டும்."

மறுநாள் இருவரும் போய்ச் சாவியைக் கொடுத்தோம். நான் நடந்ததை அவர்களிடம் சொன்னேன். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த அம்மாள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றார். அதன் பிறகு அக்காவிடம்தான் பேசினார். எனக்கு அது சரியென்றே பட்டது. பதியாமல் சாவியைக் கொடுப்பார்களா என்று பத்திரம் எழுதுபவர் திட்டினார். அவர்கள் அந்த வாரமே எங்கள் கூடத்தில் தரையை உடைத்துக் குழி தோண்டினார்கள். மேட்டுத் தெரு அது. மண் காய்ந்து பொலபொலவென்று வந்தது.

டோக்கன் கிடைக்கத் தாமதமாகி, கார்த்திகை முதல் வாரத்தில்தான் பதிவு. டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். கூப்பிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள், கட்டை விரலை வைக்கச் சொன்னார்கள், சம்மதம்தானா என்று கேட்டார்கள். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் ஆதாரில் உள்ள பெயரையும் அதற்குப் பக்கத்தில் பழைய பெயரையும் நிதானமாக எழுதினாள். அந்தப் பழைய பெயரை அவள் கையெழுத்தில் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்துவிட்டோம்.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புமிடத்தில் அக்கா நின்றாள். "அம்மாவ எங்க வெச்சாங்க?" என்று கேட்டாள்.

ஆட்டோ பிடித்து ஆற்றுப் பாலத்துக்குப் போனோம். கரையில் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே சுடுகாட்டுக் கொட்டகை தெரிந்தது. எந்த இடம் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. பெண்களைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள். நானும் அதற்கு மேல் வந்ததில்லை. அதைச் சொன்னபோது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவோடு நான் கடைசி வரைக்கும் போயிருப்பேன் என்று அத்தனை வருடமும் நினைத்திருக்கிறாள். அங்கே வெகு நேரம் நின்றோம். மழைக்குப் பிறகு ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. பாலத்தில் லாரி போகும்போதெல்லாம் கைப்பிடிச் சுவர் அதிர்ந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் என்னை ஒட்டித்தான் நின்றாள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது மாதம் ஒரு முறை நான் சேத்துப்பட்டு போகிறேன். வேலூரிலிருந்து ஆரணி, அங்கே வண்டி மாற வேண்டும். அக்கா எனக்குச் சாப்பாடு போடுகிறாள், மிச்சக் குழம்பை டப்பாவில் கட்டிக் கொடுக்கிறாள், நாலு மணிக்கே பஸ்ஸுக்குக் கிளப்பிவிடுகிறாள். போனில் பேசினால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசத் தெரியவில்லை எங்களுக்கு. மழையா, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டுவிட்டு இருவரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து விடிய விடியப் பேசிய அந்த இரண்டு பெண்களை நான் அவளிடம் தேடிக்கொண்டே இருக்கிறேன். அவளும் தேடுகிறாளா என்று கேட்டதில்லை.

வேலூருக்கு வந்து இரண்டு நாள் தங்கு என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுகிறேன். "பாக்கலாம்" என்பாள். போன வாரம் கூப்பிட்டபோது, மாமாவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள். மாமாவையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். அவருக்குப் படி ஏறினால் கால் வலிக்கும் என்றாள்.

"உங்க வூட்டுல மாடிப்படி எத்தினி?" என்று கேட்டாள்.

எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் கீழே இறங்கி எண்ணினேன். பதினெட்டு.